பதினேழே மூவ்!

வெள்ளைக் காய் கிடைச்சா நீங்க நடுச் சிப்பாயைத்தானே முதல்ல நகர்த்துவீங்க? நான் ஓரமா ஆரம்பிக்கிற ஆள். பி3! தியரி படிக்கச் சோம்பேறித்தனம்தான் (செமஸ்டருக்கே படிக்கலை, இதுக்கா?).

போன மாசம் ஒரு டோர்னமென்ட். என்னைவிட 300 பாயின்ட் அதிகமான ஒரு ஸ்கூல் பையன்கிட்ட 22 மூவ்ல காலி. ஸ்கோர் ஷீட்ல கையெழுத்து வாங்கிக்கிட்டே, "அண்ணா, லார்சன் கேம் பார்த்திருக்கீங்களா?"ன்னான். சுருக்குனு இருந்துச்சு. ரூமுக்கு வந்து தேடினேன்.

1970, பெல்கிரேட். சோவியத் யூனியனுக்கும் உலக அணிக்கும் மேட்ச். முதல் போர்டுல டென்மார்க்கின் பென்ட் லார்சன், அப்போதைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கிகிட்ட அதே பி3 ஆடறார். 14-வது மூவ்ல ஸ்பாஸ்கி யானையையே எச்1-ல பலி கொடுக்க, நடுவுலயே நின்ன ராஜா வசமா மாட்டிக்கிட்டார். 17 மூவ்ல ஆட்டம் க்ளோஸ்! மனுஷன் அன்னிக்கு ராத்திரி எப்படித் தூங்கினாரோ... ஆனா, அடுத்த ரவுண்ட்லயே அதே ஸ்பாஸ்கியை ஜெயிச்சார். அந்த ஓப்பனிங்குக்கு இன்னிக்கும் லார்சன் பேர்தான்.

என் ரேட்டிங் இப்போ 1409. 1400-க்குக் கீழே இறங்கினா, ஃபிடே லிஸ்ட்ல பேரே இருக்காது. வர்ற ஞாயிறு மறுபடி டோர்னமென்ட். அந்தப் பொடியனும் வர்றானாம்!

பி3-தான் ஆடப்போறேன். லார்சன் மாதிரி நாலாவது மூவ்ல குதிரையை எஃப்3-க்கு மட்டும் கொண்டுபோக மாட்டேன்.