கொங்கண் கடா: மேகம் விலகும் நேரம்

மகாராஷ்டிரத்தின் ஹரிச்சந்திரகட் மலையில், மேற்கு ஓரத்தில் நிலம் சட்டென்று முடிந்துவிடுகிறது. பல நூறு மீட்டர் கீழே கொங்கணத்தின் வயல்களும் ஊர்களும் தெரிகின்றன. படமெடுத்த பாம்பைப் போல உள்வாங்கி வளைந்து நிற்கும் இந்தக் கரும்பாறைச் சுவரின் பெயர் கொங்கண் கடா. மராத்தியில் 'கடா' என்றால் செங்குத்துப் பாறை. விவரம் தெரிந்தவர்கள் இதன் விளிம்பில் நிற்பதில்லை. குப்புறப் படுத்துத் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கிறார்கள்.

மும்பை, புனே இளைஞர்களுக்கு இது வார இறுதிப் பயணம். திட்டம் பெரும்பாலும் யார் யார் வருகிறார்கள், எந்த ரயில் என்பதோடு முடிந்துவிடுகிறது. உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது மாதத்தை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை பச்சைப் பசேலென்று இருக்கும், அருவிகள் கொட்டும். ஆனால் விளிம்புக்குப் போனால் வெள்ளை மேகம் தவிர எதுவும் தெரியாத நாட்களே அதிகம். கோடையில் வெயில் கடுமை, தண்ணீர் அரிது. பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரிவது அக்டோபர் முதல் பிப்ரவரி வரை.

இருந்தும் மழைக்காலத்தில் கூட்டம் குறைவதில்லை. அதற்குக் காரணம் இந்திரவஜ்ரம் என்ற வட்ட வானவில். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்து, எதிரே பள்ளத்தாக்கில் மேகம் நிறைந்திருந்தால், பார்ப்பவரின் நிழலைச் சுற்றி அது தோன்றும். கர்னல் சைக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1835-ல் வெளியான தமது வானிலைக் கட்டுரையிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

வானவில்லைத் தரும் அதே மேகம்தான் வழியையும் மறைக்கிறது. 2023 ஆகஸ்டில் இம்மலை ஏறிய புனே குழு ஒன்று மழையிலும் மூட்டத்திலும் வழி தவறியது. அதில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால், 1,400 மீட்டர் உயரத்தில் குளிர் ஆளைக் கொல்லும் என்பது சமவெளிக்காரர்களுக்கு எளிதில் உறைப்பதில்லை.

அடுத்த முடிவு, எந்த வழி என்பது. அஹில்யாநகர் மாவட்டத்திலுள்ள பாச்நை கிராமத்திலிருந்து ஏறுவது சுலபம். இரண்டு மணி நேரத்தில் உச்சிப் பகுதியில் உள்ள ஹரிச்சந்திரேஷ்வர் கோயிலை அடையலாம். புனே மாவட்டத்தின் கிரேஷ்வரிலிருந்து தோலார் கிண்ட் கணவாய் வழியாகப் போனால் நான்கு மணி நேரம் ஆகும். பாறைச் சரிவும் உண்டு. கல்யாணிலிருந்து மால்ஷேஜ் மலைப்பாதையில் செல்லும் பஸ்ஸில் வருபவர்கள் கூபி விலக்கில் இறங்கி, அணைக்கட்டு ஓரமாக கிரேஷ்வருக்கு நடக்கலாம். கடாவை ஒட்டிய பிளவு வழியே நேராக ஏறும் நளீச்சி வாட், பழகியவர்களுக்கு மட்டும்.

கோயிலிலிருந்து விளிம்புக்கு மேலும் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். சூரியன் மறைவது எதிரேதான் என்பதால் எல்லோரும் கடைசி வெளிச்சம் வரை அங்கேயே இருக்க விரும்புகிறார்கள். திரும்பும் நடை இருட்டில் என்பதை அப்போது நினைப்பதில்லை. ஆளுக்கொரு டார்ச், மாற்று உடை, தண்ணீர் ஆகியவை இல்லாமல் மாலைக் காட்சிக்குப் போகக் கூடாது. இது வனவிலங்குச் சரணாலயம். மேலே இரவு தங்க அனுமதி உண்டா என்பதை அடிவாரத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அடிவார வீடுகளில் பாக்கரியும் பிட்லாவும் சுடச்சுடக் கிடைக்கும். வழிகாட்ட ஆளும் கிடைப்பார். மூட்டத்தில் அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல.

மூட்டம் இறங்கிவிட்டால் கோயிலோடு திரும்புவது என்பதையும் புறப்படும் முன்பே குழு பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. விளிம்புக்கு அரை மணி தூரத்தில் நின்றுகொண்டு அந்த முடிவை எடுப்பது கடினம். திரும்பினாலும் பயணம் வெறுமையாகிவிடாது. கோயிலுக்கு அருகே கேதாரேஷ்வர் குகையில், பனிபோல் குளிர்ந்த நீரின் நடுவே பெரிய லிங்கம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள நான்கு தூண்களில் ஒன்றுதான் முழுதாக நிற்கிறது. கடாவைப் பார்க்க டிசம்பரில் இன்னொரு முறை வரலாம்.