எத்தனை பவுண்டு போடட்டும்?

நரம்பு அறுந்த ராக்கெட் கடைக்கு வந்ததும் பாய் அதை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்ற பேச்செல்லாம். நீளவாக்கில் ஓடும் மெயின் நரம்பு நடுப்பகுதியில் அறுந்திருந்தால், "நல்லா ஸ்பின் போடுறவர், தம்பி" என்பார். சட்டத்தை ஒட்டி ஓரத்தில் அறுந்திருந்தால் பந்து விளிம்பில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நரம்பைக் குறை சொல்ல முடியாது. அறுந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள நரம்புகளை என்னைத் தடவிப் பார்க்கச் சொல்வார். குறுக்கே ஓடும் கிராஸ் நரம்பில் உரசி உரசி மெயினில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருக்கும். பந்தைக் கீழிருந்து மேலே இழுத்து டாப்ஸ்பின் அடிப்பவரின் ராக்கெட்டில் அந்தப் பள்ளம் நகத்தில் தட்டுப்படும். தட்டையாக அடிப்பவரின் ராக்கெட்டில் அதைத் தேட வேண்டியிருக்கும். வந்தவர் தன் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பாதி விஷயம் நமக்குத் தெரிந்துவிடும்.

பாயின் கடை சென்னை பெரியமேட்டில் இருக்கிறது. முன்பக்கம் கால்பந்து, கேரம் போர்டு, பரிசுக் கோப்பைகள். பின்னால் சின்ன அறையில் நரம்பு போடும் மெஷின் இரண்டு. ஒன்று கையால் சுற்றி இழுக்கும் பழைய மெஷின், மற்றது கரண்டில் ஓடுவது. டென்னிஸ் மேல் இருந்த பைத்தியத்தில்தான் அங்கே வேலை பழகப் போனேன். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் 1997 முதல் 2017 வரை வருஷா வருஷம் சென்னை ஓபன் நடந்தது. பள்ளிக்கூடப் பையனாக அப்பாவோடு போய் உட்கார்ந்து பார்த்தவன் நான். 2008 அரையிறுதியில் நடாலும் அவருடைய மயோர்காத் தீவுக்காரரான கார்லோஸ் மோயாவும் மூன்று செட்டையும் டைபிரேக்கர் வரை இழுத்து ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆடினார்கள். நடால் ஜெயித்தார். ஆனால் மறுநாள் இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவின் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றுப்போனார். அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் அவர் ஓடிய ஓட்டமும் அந்த இடது கையும்தான். ராக்கெட்டுக்குள் இருக்கும் நரம்பைப் பற்றி நினைத்ததே கிடையாது. பந்து ராக்கெட்டில் தங்குவது ஏறக்குறைய ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது நரம்பு மட்டும்தான். இது மனதில் பதிந்த பிறகு நான் டென்னிஸ் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

ஆரம்பத்தில் பழைய நரம்பை வெட்டி எடுக்கும் வேலையை மட்டும்தான் பாய் கொடுத்தார். அதற்கும் முறை உண்டு. நடுவில் தொடங்கி, மெயினில் ஒன்று கிராஸில் ஒன்று என்று மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டே ஓரத்துக்கு வர வேண்டும். 55 பவுண்டில் 16 மெயின் போட்ட ராக்கெட்டைக் கணக்குப் பார்த்தால் தலைக்கும் கழுத்துக்கும் நடுவில் 880 பவுண்டு இழுவை நிற்கிறது. கிலோவில் சொன்னால் கிட்டத்தட்ட 400. ராக்கெட்டின் எடையோ 300 கிராம் வாக்கில்தான். ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிக்கொண்டே போனால் மறுபக்கத்து இழுவை சட்டத்தைக் கோணலாக்கிவிடும். 400 கிலோவைத் தாங்கும் பொருள் இது என்று தெரிந்த நாளிலிருந்து ராக்கெட்டைத் தரையில் போட்டு உடைக்கும் ஆட்டக்காரர் யாராக இருந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

வெட்டி முடித்ததும் கிராமெட் பார்க்க வேண்டும். நரம்பு நுழையும் ஓட்டைகளுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய்தான் அது. அதில் ஒன்று விண்டிருந்தாலும் சட்டத்தின் கார்பன் விளிம்பு புது நரம்பை அறுத்துவிடும். ஒவ்வொரு ஓட்டையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ராக்கெட்டை மெஷினில் ஏற்றுவோம்.

மெயின் போடுவது பொறுமை கேட்கும் வேலை. நரம்பின் நடுப்பகுதியைச் சட்டத்தின் நடுவில் நுழைத்து, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு பக்கம் நாலைந்து முன்னால் ஓடிவிடக் கூடாது. இழுத்த நரம்பைக் கிளாம்ப் பிடித்துக்கொள்ளும். அடுத்ததை இழுத்த பிறகு கிளாம்பை நகர்த்துவோம். மெயின் மட்டும் ஏறிய நிலையில் ராக்கெட்டின் தலை நீளத்தில் குறுகி அகலத்தில் விரியப் பார்க்கும். மெஷினின் தாங்கிகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. கிராஸ் ஏற ஏறத்தான் சட்டம் தன் உருவத்துக்குத் திரும்பும். மெயினை மட்டும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் பழக்கம் எங்கள் கடையில் கிடையாது.

கிராஸில்தான் கை பழக வேண்டும். கயிற்றுக் கட்டில் பின்னுவது போல மேலே ஒன்று கீழே ஒன்று என்று கோத்துக்கொண்டே போக வேண்டும். இடது கை விரல்கள் மெயினை அழுத்தியும் தூக்கியும் கொடுக்க, வலது கை நரம்பின் முனையைத் தள்ளிக்கொண்டு போகும். கோத்ததும் சட்டென்று உருவினால் மெயின் நரம்பு உராய்ந்து சூடேறித் தேய்ந்துவிடும். அதனால் இழுக்கும்போது கையை மேலும் கீழும் விசிறிக்கொண்டே இழுக்கச் சொல்லிக்கொடுத்தார் பாய். இழுவை கொடுக்கும் முன் கிராஸை விரலால் நேராக்கவும் வேண்டும். வளைந்து கிடந்தால் கணக்கிட்ட இழுவை முழுதாக ஏறாது. பாய் இதையெல்லாம் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார், யாரிடமாவது பேசிக்கொண்டே. எனக்கு இப்போதும் அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது. "வேகம் தானா வரும், நீ நேரா போடு" என்பார்.

வேலையின் உயிர் "எத்தனை பவுண்டு போடட்டும்?" என்ற கேள்வியில் இருக்கிறது. பெரும்பாலும், "டைட்டா போடுங்க பாய், ஷாட்ல பவர் வரணும்" என்பார்கள். நடப்பது நேர்மாறு. தளர்வாகப் போட்டால் நரம்பு உள்வாங்கிப் பந்தைத் திருப்பி எறியும். வேகம் கூடும், பந்து தூரம் போகும். இறுக்கிப் போட்டால் பந்து அவ்வளவு தூரம் பறக்காது; ஓங்கி அடித்தாலும் கோட்டுக்குள் விழும். தானே வேகம் கொடுக்கக் கூடியவர்களுக்குத்தான் இறுக்கம் தேவை. பாய் இதை ஒவ்வொருவரிடமும் முதல்முறை சொல்வது போலவே சொல்வார். கூடவே ஒரு கேள்வி கேட்பார்: "போன தடவை எந்த மெஷின்ல போட்டீங்க?" கையால் சுற்றும் மெஷின் சொன்ன பவுண்டை எட்டியதும் பூட்டிக்கொள்ளும், அதன்பின் நரம்பு கொஞ்சம் நெகிழ்ந்துவிடும். கரண்டு மெஷின் நெகிழ நெகிழ இழுத்துக்கொண்டே இருக்கும். ஆக, இரண்டிலும் 55 என்று வைத்தாலும் கைக்குக் கிடைப்பது ஒன்றல்ல. ராக்கெட் மெஷினை விட்டு இறங்கிய கணத்திலிருந்தே இழுவை குறையத் தொடங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

மர ராக்கெட் காலத்தில் பியான் போர்க் 80 பவுண்டு வாக்கில் போட்டு ஆடினார். ராத்திரி ஹோட்டல் அறையில் நரம்பு தானாகவே தெறித்து அறுமாம். பாய்க்குப் பிடித்த கதை அது. எனக்குப் பிடித்த கதை 1977-இல் நடந்தது. வெர்னர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் ஒரு ராக்கெட் செய்தார். அதில் மெயின் இரண்டு அடுக்காக இருக்கும், கிராஸோடு பின்னியிருக்காது. பந்து பட்டதும் மெயின் பக்கவாட்டில் சறுக்கிப் பழைய இடத்துக்குத் துள்ளித் திரும்பும். பந்து தாறுமாறாகச் சுழன்றுகொண்டு போகும். அந்த வருஷம் களிமண் தரையில் யாராலும் அசைக்க முடியாதிருந்த கியெர்மோ விலாஸை, பிரான்சில் ஒரு போட்டியில் இந்த ராக்கெட்டோடு வந்து திணறடித்தார் நஸ்டாசே. இரண்டு செட் போனதும் விலாஸ் ஆட்டத்தை விட்டே வெளியேறினார். சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் அந்த ராக்கெட்டுக்குத் தடை போட்டது. நரம்புகள் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று பின்னியிருக்க வேண்டும் என்ற விதி அப்படித்தான் வந்தது.

இருபது வருஷம் கழித்து, 1997-இல், உலகத் தரவரிசையில் 66-ஆம் இடத்தில் இருந்த பிரேசில் இளைஞர் குஸ்தாவோ குயெர்டன் பிரெஞ்ச் ஓபனை வென்றார். அவர் ராக்கெட்டில் இருந்தது பெல்ஜியத்து லக்ஸிலான் கம்பெனியின் பாலியஸ்டர் நரம்பு. விறைப்பானது, வழவழப்பானது. முறைப்படி பின்னியிருந்தாலும் பந்து பட்டதும் மெயின் சறுக்கித் துள்ளித் திரும்புகிறது. அன்று தடைபோட்ட வித்தையில் ஒரு பங்கு, விதிக்கு உட்பட்டே திரும்ப வந்துவிட்டது. இன்று நாம் பார்க்கும் டென்னிஸ், கோட்டுக்குப் பின்னால் நின்று ஓங்கி அடித்தும் பந்து கோட்டுக்குள் வந்து இறங்கும் இந்த ஆட்டம், பெருமளவு அந்த நரம்பு கொடுத்தது என்பது என் துணிபு. பழைய ஆட்டங்களின் வீடியோவைப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் விலகிக் கிடக்கும் நரம்புகளை விரலால் நகர்த்திச் சரிசெய்வார்கள். பாலியஸ்டர் தானே திரும்பிவிடுவதால் இப்போது அந்த வேலை குறைந்துவிட்டது.

இன்னொன்றையும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பெரிய போட்டிகளில் முதல் 7 கேம் முடிந்ததும் ஒருமுறையும், அப்புறம் 9 கேமுக்கு ஒருமுறையும் பந்தை மாற்றுவார்கள். அந்த நேரத்தில் பல ஆட்டக்காரர்கள் பையிலிருந்து புது ராக்கெட்டை உருவுவார்கள். ஆட்டம் சூடுபிடித்திருக்கும் வேளையில் ஒருவர் ராக்கெட்டை மாற்றினால், அடுத்த இரண்டு கேமில் அவர் பந்து எவ்வளவு ஆழமாக விழுகிறது என்று நான் கவனிப்பேன். வீட்டில் எல்லாரும் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருக்க நான் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போட்டதை ஆடிப் பார்க்காமல் இந்தத் தொழில் வராது என்பது பாயின் கட்டளை. என் ராக்கெட்டில் ஒருமுறை 48, அடுத்த முறை 52, அப்புறம் 57 என்று போட்டுக்கொடுத்து ஆடிவிட்டு வரச் சொல்வார். எது எத்தனை என்று சொல்ல மாட்டார். கையில் எப்படி இருந்தது, பந்து எங்கே விழுந்தது என்று நான் சொல்ல வேண்டும். நாலு பவுண்டு வித்தியாசம் வாலி ஆடும்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது. ஓங்கி அடிக்கும் ஷாட்டில் அவ்வளவாகத் தெரிவதில்லை. மெதுவாகத் தொட்டு ஆடுகிறவர்களுக்கு நரம்பு அதிகம் பேசும் என்பார் பாய். ரமேஷ் கிருஷ்ணனை உதாரணம் சொல்வார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தவர் நம் ஊர்க்காரர். எதிரி கொடுத்த வேகத்தையே வாங்கி வேண்டிய இடத்தில் வைத்த ஆட்டம் அது.

மாட்டுக் குடலில் செய்த நேச்சுரல் கட் நரம்பைப் பாய் இன்னும் என்னிடம் முழுசாகக் கொடுப்பதில்லை. பிரான்சின் லியோன் நகரத்து பபோலா குடும்பம் 1875-இலேயே டென்னிஸுக்காக இதைச் செய்யத் தொடங்கியது. அதன் மென்மைக்கும் துள்ளலுக்கும் ஈடாக இன்றுவரை வேறொன்று வரவில்லை. ஃபெடரரும் ஜோகோவிச்சும் மெயினில் இதையும் கிராஸில் பாலியஸ்டரையும் போட்டுத்தான் ஆடினார்கள். ஆனால் ஈரம் இதற்கு ஆகாது. சென்னைக் காற்றில் பிரித்து வைத்த பாக்கெட் சீக்கிரம் கெட்டுவிடும். கொஞ்சம் மடங்கினாலும் பிரி பிரியாக வந்துவிடும். ஐப்பசி மழைக் காலத்தில் யாராவது கேட்டால், "தை மாசம் வாங்க சார்" என்று பாய் அனுப்பிவிடுவார். பிரிப்பது, நீட்டுவது, மெயின் ஏற்றுவது வரை இப்போது எனக்கு உண்டு. கிராஸ் அவர் கை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பாயைவிடப் பிடிவாதக்காரன். பத்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு முழுப் பாலியஸ்டர் போடக் கூடாது. டிவியில் பார்த்துவிட்டு, "நடால் போடுறதையே போடுங்க, 55" என்று கேட்கிறார்கள் அப்பாக்கள். அந்த நரம்பின் விறைப்பை முழங்கையும் மணிக்கட்டும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய ஆட்டக்காரருக்கு மேட்சுக்கு மேட்ச் புது நரம்பு. நன்றாக அடிக்கும் கல்லூரிப் பையன் மாதம் ஒருமுறையாவது அறுத்துவிடுவான், புதுசு வந்துவிடும். பிள்ளைகள் கையில் அது அறுவதே இல்லை. சில வாரத்திலேயே துள்ளல் செத்துப்போன நரம்போடு மாதக் கணக்கில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நைலானில் செய்த சிந்தெடிக் கட், 50 பவுண்டு அல்லது அதற்கும் கீழே, அவர்களுக்குப் போதும். விலையும் குறைவு. விலை குறைந்ததைத் தள்ளிவிடுகிறானோ என்று சிலர் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நான் செத்த நரம்பு ஒன்றையும் புது நரம்பு ஒன்றையும் அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுவேன். உள்ளங்கையால் தட்டிப் பார்த்து அவர்களே அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள்.

வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறோமோ, வருஷத்துக்கு அத்தனை தடவை நரம்பு மாற்ற வேண்டும் என்பது உலகம் முழுக்க இந்தத் தொழிலில் சொல்லும் கணக்கு. ராக்கெட்டின் கழுத்துப் பக்கம் தேதியும் பவுண்டும் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டித்தான் கொடுக்கிறோம். பிள்ளைகளின் ராக்கெட் என்றால் நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்கிறேன். மூன்று மாதம் தாண்டியதும் அப்பாக்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்கிறேன். பாதிப் பேர் வருகிறார்கள்.