குழாய்க்குள் போன சத்தம்

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் கரிசல் ஊரில் விடியலே குழாயில்தான் வரும். வேப்பமர உச்சியில் மைக்செட்டு மாமா கட்டிய குழாய் கரகரவென்று செருமிவிட்டுப் பாடத் தொடங்கும்போது, களத்தில் காயும் வத்தலின் நெடி மூக்கில் ஏறும். கீழத்தெருக்காரர்களுக்குச் சொல்லுக்குச் சொல் கணீரென்று கேட்கும். எங்கள் வீடு குழாய்க்கு முதுகுப்பக்கம். எங்களுக்கு வருவது சொல் கழன்ற முனகல்தான். "இது பாட்டா, மாட்டுக்கு வயித்து வலியா?" என்பாள் அப்பத்தா.

பொங்கல் முடிந்து குழாய் திண்ணைக்கு இறங்கியதும் அதன் வாய்க்குள் தலையை விடுவேன். தூசி, சிலந்தி வலை, நடுவில் கவிழ்ந்த ஒரு கிண்ணம். மாமா கழுத்தில் பூட்டியிருந்த, சத்தம் எழுப்பும் யூனிட்டைக் கழற்றி விரலால் வழி காட்டினார்: "சத்தம் இந்தக் கழுத்து வழியா முன்னால போயி, கிண்ணத்துல முட்டிப் பின்னால வந்து, மறுபடி திரும்பி வெளிய போகுது மருமகனே. நீட்டுக் குழாய மடிச்சு வச்சிருக்கான், அம்புட்டுத்தேன்."

"திரும்புற எடத்துல மாட்டிக்கிறாதா மாமா?"

"கொம்பு ஊதுறதப் பாத்ததில்லையா?"

பார்த்திருந்தேன், திருச்சுழிப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில். வளைந்த பித்தளைத் துண்டுகள் இரண்டு. பிறையாகவும் பூட்டலாம், நெளிபாம்பாகவும் பூட்டலாம். எப்படிப் பூட்டினாலும் அதே பிளிறல்.

காரணம் கல்லூரியில்தான் பிடிபட்டது. நொடிக்கு 200 முறை அதிரும் ஒலியின் அலை காற்றில் 1.7 மீட்டர் நீளம். சில சென்டிமீட்டர் அகலக் குழாயின் வளைவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சங்கதியெல்லாம் வாயில்தான். சட்டென்று முடிகிற வாயில் சத்தத்தின் பெரும்பங்கு உள்ளேயே திரும்பிவிடும். மெல்ல விரிகிற வாய் அதை வெளியே அனுப்பும். அப்படி வந்ததில் கட்டை ஒலி நாலாபக்கமும் பரவும். கீச்சொலியோ வாய் பார்த்த திக்கிலேயே போய்விடும். சொல்லைத் தெளிவாக்கும் ச, ஸ எல்லாம் அதோடு கீழத்தெருவுக்குப் போயிருக்கின்றன.

அந்த வயதில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? மாமா தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், யூனிட் இல்லாத கழுத்தில் வாயை வைத்து "ஐஸ்!" என்று கத்தினேன். தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்த ஐஸ்காரர் சைக்கிளைத் திருப்பிவிட்டார். கையில் காலணா கிடையாது. குழாய்க்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.