டிரைவர் தகராறும் நல்ல வார்த்தையும்

லினக்ஸ் பக்கம் புதிதாக வருபவர்களை முதலில் சோதிப்பது பெரும்பாலும் டிரைவர்தான். விண்டோஸில் ஒழுங்காக ஓடிய வைஃபை இங்கே செத்துக் கிடக்கும். கோபம் வருவது இயல்பு. அதை யார் மீது காட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல். சில்லு தயாரித்த நிறுவனம் எங்கோ இருக்கிறது. திட்டு வாங்குவதோ, பல நேரம் சம்பளம் இல்லாமல் டிரைவர் எழுதிக் கொடுத்தவர்!

பிராட்காம் வைஃபை கதையைப் பாருங்கள். 2000-களில் பல மடிக்கணினிகளில் இந்தச் சில்லு இருந்தது. ஆனால் அதற்கு டிரைவர் எழுதத் தேவையான விவரங்களை நிறுவனம் தரவில்லை. ஆர்வலர்களே களத்தில் இறங்கினார்கள். ஒரு குழு ஏற்கெனவே இருந்த டிரைவரை அலசி, சில்லு இயங்கும் விதத்தை எழுதி வைத்தது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் படித்து நிரல் எழுதியது. 2006-ல் அது லினக்ஸ் 2.6.17 கெர்னலில் சேர்ந்தது.

தகராறு வந்தது 2007 ஏப்ரலில். ஓப்பன்பிஎஸ்டிக்காக இதே சில்லுக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் நிரலில் லினக்ஸ் டிரைவரின் பகுதிகள் இருந்தன. ஜிபிஎல் உரிமத்தில் உள்ளதை அனுமதி இல்லாமல் பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட முடியாது. எனவே லினக்ஸ் தரப்பு சொன்னது நியாயம்தான். சில பகுதிகளுக்கு உரிமத்தை மாற்றித் தருவது பற்றிப் பேசலாம் என்றும் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தக் கடிதத்தை அவருக்குத் தனியாக அனுப்பாமல், ஊருக்கே நகல் போட்டு அனுப்பினார்கள். முதலில் தனியாகக் கேட்டிருக்க வேண்டாமா என்று ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கிய தியோ டி ராட் சீறினார். அந்தச் சத்தத்தில் சமாதானப் பேச்சு யார் காதிலும் விழவில்லை. கடைசியில் எழுதியவரே தன் டிரைவரை நீக்கிவிட்டார். உரிமப் பிரச்சினை தீர்ந்தது. ஓப்பன்பிஎஸ்டி பயனர்களுக்கோ அந்த டிரைவர் கிடைக்கவில்லை.

கடுமையான பேச்சுக்குப் பேர்போன லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கி இருந்தார். கெர்னல் குழுவுக்குப் புதிய நடத்தை விதிகள் வந்ததும் அப்போதுதான்.

மரியாதையாகப் பேசுவது என்றால் குழைவது அல்ல. பிழையைப் பிழை என்றே சொல்லலாம். "உங்க டிரைவர் குப்பை" என்றால் எழுதியவருக்கு ஒன்றும் விளங்காது. கெர்னல் பதிப்பு என்ன? எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் சாதன எண் என்ன? டிமெஸ்ஜி என்ன பிழை சொல்கிறது? எந்தப் பதிப்பு வரை சரியாக ஓடியது? இவற்றைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. உங்கள் கணினி அவர் மேஜையில் இல்லை. நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் அவர் அதைப் பார்க்கிறார்.

இன்னொன்று. பிரச்சினை தீர்ந்ததும் பலர் காணாமல் போய்விடுகிறார்கள். எது பலித்தது என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போங்கள். அதே சில்லோடு அடுத்து ஒருவர் வந்துகொண்டிருப்பார்.