பேசினால் போதாது, எழுத வைக்க வேண்டும்

2023 பிப்ரவரி 21 அன்று சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது சியாட்டில் மாநகர மன்றம். மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த் கொண்டுவந்த சட்டம் 6-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. அமெரிக்காவில் இப்படிச் சட்டம் போட்ட முதல் நகரம் அதுதான்.

அந்த வெற்றியைவிட, வாக்கெடுப்புக்கு முன் நடந்ததுதான் என் மனதில் நிற்கிறது. அங்கே மன்றம் முடிவெடுக்கும் முன் பொதுமக்கள் பேசலாம். அன்று 300 பேருக்கு மேல் பெயர் கொடுத்திருந்தார்கள். காலையிலேயே குளிரில் வரிசையில் நின்றவர்களும் உண்டு. ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் வாய்ப்புக் கிடைத்தது. ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் இருதரப்பும் பேசினார்கள். பேசியதெல்லாம் காணொளியில் பதிவானது.

வெளிநாட்டில் சாதியை மறைத்து வாழும் ஒரு தலித்துக்கு அந்த மைக் முன் நிற்பது சாதாரணம் இல்லை. பேசுவதற்கு முன் தான் யார் என்று சொல்லியாக வேண்டும்.

நம் ஊரில் அது தலைகீழ். நான் போன ஒரு கிராம சபையில் காலனி அக்கா ஒருவர் எழுந்தார். மழை பெய்தால் சுடுகாட்டுப் பாதையில் முழங்கால் அளவு சேறு, பிணம் தூக்க முடியவில்லை என்றார். அவர் யார் என்பது வாய் திறக்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். "சொல்லிட்டல்ல, உக்காரும்மா" என்றார்கள். அவர் பேசியதே வெற்றி என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு தீர்மான நகலை வாங்கிப் பார்த்தேன். சுடுகாட்டுப் பாதை பற்றி ஒரு வரி இல்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் அக்காவின் கைநாட்டு இருந்தது, கூட்டம் தொடங்கும் முன்பே வாங்கியது. ஆள் கணக்குக்கு அவர் வேண்டும், தீர்மானத்துக்கு வேண்டாம். சமூகவியல் படித்த எனக்கு அதைச் சரிபார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

அடுத்த சபைக்கு முன்பே கோரிக்கையை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கினோம். அக்கா பேசிவிட்டு உட்காரவில்லை. "எழுதுங்க. எழுதுனத வாசிங்க. அப்புறம் கைநாட்டு வெக்கிறேன்" என்றார். செயலர் எழுதினார்.

பாதை இன்னும் வரவில்லை. ஆனால் போய்க் கேட்பதற்கு இப்போது ஒரு தீர்மான எண் இருக்கிறது.

தோழர்களே, கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரத்தில் ஏரியா சபை உண்டு. போங்கள். நம் ஆட்களைப் பேசச் சொல்லிவிட்டு, எழுதுகிறவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.