வாசலில் இரண்டு எழுத்து

விண்டோஸின் ஏதாவது ஒரு இஎக்ஸ்இ ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். முதல் இரண்டு பைட் ‘எம்’, ‘இசட்’. எம்எஸ்-டாஸில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல் அது. நம் வீடுகளில் எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டிவைப்போமே, அந்த மாதிரி.

அதைவிடப் பழைய ‘காம்’ ஃபைலுக்கு முகப்பே கிடையாது. டாஸ் அதை அப்படியே தூக்கி மெமரியில் வைத்து ஓட்டும். ஆனால் எல்லாம் 64 கேபிக்குள் அடங்கியாக வேண்டும். எம்இசட் வடிவத்தில் முகப்பு வந்தது, கிட்டத்தட்ட ஒரு ஜாதகக் கட்டம்: 512 பைட் பக்கங்கள் எத்தனை, எங்கிருந்து ஓட ஆரம்பிப்பது, ஏற்றும் இடத்தைப் பொறுத்து எந்த முகவரிகளைத் திருத்துவது. முகப்பு தன் நீளத்தையும் தானே சொல்லும். அதனால் பின்னால் வந்தவர்கள் அதை நீட்டிக்கொள்ள முடிந்தது.

1993இல் விண்டோஸ் என்டியோடு ‘பிஇ’ வடிவம் வந்தபோதும் பழைய வாசலை யாரும் இடிக்கவில்லை. 60ஆவது இடத்தில் ஒரு எண் இருக்கும்: நிஜ வீடு இத்தனை பைட் தள்ளி. இடையில் ஒரு குட்டி டாஸ் புரோகிராம். டாஸில் ஓட்டினால், ‘இதை இங்கே ஓட்ட முடியாது’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு முடிந்துவிடும்.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். யூஇஎஃப்ஐ கேட்பதும் பிஇதான். அதற்காகவே ஏஆர்எம்64 கெர்னலின் முதல் கட்டளை, எந்தப் பயனும் இல்லாத ஒரு கட்டளை. பைட்டாகப் படித்தால் ‘எம்இசட்’.

எனக்குப் பிடித்தது அந்தக் குட்டி புரோகிராம்தான். உள்ளே விட முடியாதவனுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது.

போன வருடம் எங்கள் ஆபீஸில் ஒரு பழைய ஏபிஐயை நிறுத்த முடிவானது. சின்னக் கடைகளின் பழைய பில்லிங் மெஷின்கள் சில அதில்தான் பேசிக்கொண்டிருந்தன. “கட் பண்ணிடலாம், அவங்களே மாத்திப்பாங்க” என்றார் மேனேஜர். சாயங்காலக் கூட்டத்தில் பில் வராத மெஷினைத் தட்டிக்கொண்டு நிற்கும் கடைக்காரரை நினைத்துப் பார்த்தேன். சர்வர் அனுப்பும் பிழைச் செய்தியை அந்த மெஷின் அப்படியே பேப்பரில் அடிக்கும். ஒரு வரி எழுத இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளை வாங்க ஒரு மாதம் வாதாட வேண்டியிருந்தது.

இப்போது பழைய மெஷின் கூப்பிட்டால் பேப்பரில் வருகிறது: இந்த மெஷின் இனி வேலை செய்யாது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்.

கூப்பிட்டவர்கள் எல்லாரும் திட்டத்தான் செய்தார்கள். திட்டவாவது ஒரு நம்பர் இருந்தது.