பெரியவரின் லான்ட் ரோவர்

1989 இல் ஜேர்மனிக்கு வந்தபோது என் கையில் இருந்த ஒரே தொழில் வாகனம் திருத்துவதுதான். அதையும் முழுமையாகக் கற்றவன் அல்ல. கிளிநொச்சியில் மாமாவின் கராஜில் மூன்று வருடம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன். அங்கே லான்ட் ரோவர்களும் திருத்த வரும். அதனால் 1992 கோடையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் இங்கிலாந்திலிருந்து 1967 ஆம் ஆண்டு லான்ட் ரோவர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியதும், பழைய உறவினரைக் கண்டவன் போல ஓடிப்போய்ப் பார்த்தேன்.

வண்டிக்கு ஸ்ரியரிங் எங்கள் ஊரைப்போல வலப்பக்கம். இங்கே ஓடுவதோ வீதியின் வலப்பக்கம். முன்னால் போகும் லொறியை முந்த வேண்டுமானால், எதிரே வாகனம் வருகிறதா என்று இடப்பக்கம் இருக்கும் அவரது மனைவிதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"ஸ்ரியரிங்கை இடப்பக்கம் மாற்ற உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன். உண்மையில் நான் அதைச் செய்ததே இல்லை. ஆனால் தெரிந்த ஒருவரின் கராஜில் எனக்கு வேலைக்குச் சொல்லிவிடுவதாக அவர் கூறியிருந்தார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த வண்டியைச் செய்தவர்கள் தொடக்கத்திலேயே இரு வகை நாடுகளையும் நினைத்திருக்கிறார்கள். 1947 இல் செய்த முதல் மாதிரியில் ஸ்ரியரிங் நடுவிலேயே இருந்தது. பெரியவரின் வண்டியிலும் மீற்றர்கள் நடுவில்தான். ஆகவே உடைத்துப்போட்ட இடப்பக்க வண்டி ஒன்றிலிருந்து ஸ்ரியரிங் பெட்டியையும் மிதிகளையும் வாங்கினோம்.

கையில் பிடிக்கும் வளையத்துக்கும் சில்லுக்கும் இடையில் நீண்ட வழி உண்டு. பெட்டியிலிருந்து ஒரு தண்டு முன்னால் போகும். அங்கே சட்டத்துக்குள் 'ரிலே' என்னும் உருளை இருக்கும். அதிலிருந்து இன்னொரு தண்டு சில்லுக்குப் போகும். மூன்றாவது தண்டு இரு சில்லுகளையும் இணைக்கும். மூன்று தண்டுகளுக்கும் ஆறு மூட்டுகள்.

ரிலே கறள் பிடித்து இறுகிப்போயிருந்தது. நான் பெரிய சுத்தியலை எடுத்தேன். பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். உள்ளே பலமாக அழுத்திவைத்த சுருள்வில் இருக்கிறது, கழன்றால் முகத்துக்கே பாயும் என்று கைநூலைக் காட்டினார். எனக்கு அது தெரியாது. அப்போதும் தலையை ஆட்டினேனே தவிர, வாய் திறக்கவில்லை. எண்ணெய் ஊற்றி ஊற்றி, நாலாம் நாள்தான் அதை முழுதாக வெளியே எடுத்தோம்.

எல்லாம் பூட்டி, முன்சில்லுகளை நேராக்கினோம். தண்டின் ஒரு முனை வலம்புரி, மறுமுனை இடம்புரி. தண்டைச் சுழற்றினால் நீளம் கூடும், குறையும். அளவு சரியானதும் இரண்டு முனைகளிலும் பிடிவளையத்தை இறுக்கிவிட வேண்டும். மாலையில் பெரியவர், "எல்லாம் இறுக்கியாயிற்றா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். மறுநாள் காலை மனைவியோடு ஓடிப் பார்ப்பதாகச் சொன்னார்.

இரவு நித்திரை வரவில்லை. இடது முனையை இறுக்கியது நினைவில் இல்லை. பிறேக் பிடிக்காவிட்டால் கியரைக் குறைக்கலாம், கைப்பிறேக் இழுக்கலாம். ஸ்ரியரிங் விட்டால் பிடிக்க ஒன்றும் இல்லை. மனைவியிடம் சொன்னேன். "வேலை போனால் போகட்டும். விடியப் போய்ச் சொல்லுங்கோ" என்றா.

ஆறு மணிக்கே கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். முன்பு இந்த வேலை செய்ததில்லை என்பதையும்தான். அவர் பேசாமல் வண்டிக்குக் கீழே படுத்தார். பிடிவளையம் கையாலேயே சுழன்றது. என்னிடம் ஸ்பானரைத் தந்தார். பிறகு ஆறு மூட்டுகளையும் நான் ஒருமுறை, அவர் ஒருமுறை பார்த்து, பார்த்ததற்கு வெள்ளைப் பெயின்ரால் புள்ளி வைத்தோம். அதன்பின் தொழில்நுட்பப் பரிசோதகரிடம் காட்டி, மாற்றத்தை வாகனப் பத்திரத்தில் பதிந்த பிறகே வீதிக்கு எடுத்தோம்.

அந்தக் கராஜில் எனக்கு வேலை கிடைத்தது. "இவருக்கு எல்லாம் தெரியாது. ஆனால் தெரியாததைச் சொல்வார்" என்றுதான் பெரியவர் என்னை அறிமுகப்படுத்தினார்.

புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, தெரியாது என்று சொன்னால் மதிக்கமாட்டார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. இப்போது என்னோடு வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது ஸ்பானர் அல்ல, அந்த வெள்ளைப் பெயின்ரைத்தான்.